பகாப்பதமும் பகா எண்ணும்

நன்னூல் கற்ற மாணவர் யாவரும் பதம் இரு வகைப்படும் என்பதை அறிவர். பகுதி, விகுதி, இடைநிலை முதலிய உறுப்புகளாகப் பிரிக்கத்தக்கது பகுபதம். அங்ஙனம் பிரித்தாற் பொருள் தராது நிற்பது பகாப்பதம். எண்களுள்ளும் இவ்விரு சாதி உண்டு. 15 என்பது 3, 5 ஆகிய இரண்டின் பெருக்கம். ஆகவே அது பகு எண். 13 என்பதை ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிற எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுத்தல் இயலாது. ஆகவே அது பகா எண். நம் நாட்டுப் பாடநூல்கள் இதனை முதன்மை எண் என வழங்குகின்றன. தமிழ்நாட்டு நூல்கள் பகா எண் என்கின்றன. முதன்மை என்னும் சொல் பிறமொழி வழக்கின் நிழலாக நிற்பது. பகா என்பதோ பொருளின் இயல்பையே உணர்த்துவது. பவணந்தியாரின் வகுப்போடும் ஒத்திருப்பது. ஆதலின் இக்கட்டுரையில் நாம் பகா எண் என்றே ஆளுவோம்.

சொல்லுக்கும் எண்ணுக்கும் ஈண்டு ஒரு பெரும் வேற்றுமை உண்டு. நிலம் என்பதைப் பகாப்பதத்துக்கு உதாரணமாக ஆசிரியர் காட்டுவர். அச்சொல்லினுள்ளே ‘நில்’ என்னும் வேரைக் கண்டு, இதுவும் பகுவதே என வாதிடுவாரும் உளர். இரு சாராரும் அறிஞரே, வழக்குத் தீர்ந்தபாடில்லை. எண்ணுலகில் இத்தகைய வழக்குக்கு இடமில்லை. ஓர் எண் பகும், அல்லது பகாது. இரண்டும் அன்றி நிற்றல் இல்லை. ஆயின், அது பகாது என்பதை நாம் எங்ஙனம் அறிவது? பகும் என்பானுக்குக் காரணிகளை எடுத்து முன்வைத்தல் போதும். பகாது என்பானோ ‘எங்கும் தேடினேன், இல்லை’ என்று மெய்ப்பித்தல் வேண்டும். உண்டு என்று காட்டுதல் எளிது. இல்லையென்று காட்டுதல் அரிது. எண் பெருகப் பெருக இவ்வருமையும் பெருகும்.

தமிழாசிரியர்க்குக் கணிதத்தில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் முறுவலித்தல் கூடும். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். அவருள் ஒருவர் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் வீசகணிதத்தைத் தமிழில் நூலாக எழுதி 1855இல் வெளியிட்ட கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்றோர். தமிழும் கணக்கும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்த ஊர் இது என்பதை அவர்களுக்கு நினைவூட்டி மேலே செல்வோம்.

சிறு எண்ணின் பகாமையைக் கண்ணாற் காணலாம். கிழங்குப் பாத்தியில் 12 பனங்கொட்டைகளை மும்மூன்றாக நான்கு நிரையாகவோ, இரண்டிரண்டாக ஆறு நிரையாகவோ அடுக்கலாம். 13 கொட்டைகளை எவ்வாறு அடுக்கினும் ஒரே நீண்ட நிரையன்றிச் சம நிரைகள் அமையா. ஆசிரிய பயிற்சியில் எண்ணறிவைக் கொட்டைகளாலேயே புகட்டுமாறு நமக்குக் கற்பித்தனர். அது நல்ல முறையே. ஆனாற் கொட்டைகளாற் காட்டவியலாத எண் ஒன்றை இனி எடுத்துக்கொள்வோம்.

ஒரு தந்தை யனவரி முதலாம் நாளில் ஒரு சதம் உண்டியலில் இடுகிறார். இரண்டாம் நாள் இரண்டு சதம், மூன்றாம் நாள் நான்கு, நான்காம் நாள் எட்டு என நாடோறும் இரட்டித்து இட்டு வருகிறார். மாதம் முடியும் 31ஆம் நாளில் உண்டியலில் இருப்பது 2147483647 சதம். அதாவது இரண்டு கோடியே பதினான்கு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து எண்ணூற்று முப்பத்தாறு ரூபாவும் நாற்பத்தேழு சதமும். இரட்டித்தலின் வேகம் நாம் அறிந்ததே. இத்தொகையில் வியப்பு அதுவன்று. இதனை மக்கள் எத்தனை பேர்க்காயினும் ஒரு சதமும் மிஞ்சாமற் சமமாகப் பங்கிட இயலாது. இருவர், எழுவர், நூற்றுவர், பதினாயிரவர் எனப் பங்காளரை எவ்வாறு மாற்றினும் மீதி நிற்கும். ஒருவரே முழுவதையும் கொள்ளல் வேண்டும். அன்றேல் ஆளுக்கு ஒரு சதமாக இருநூற்றுப் பதினான்கு கோடிக்கு மேற்பட்டோர் கூடல் வேண்டும். 2147483647 ஒரு பகா எண்.

மாதத்தை மாற்றிப் பார்த்தால் இவ்வெண்ணின் அருமை விளங்கும். 30 நாளுடைய மாதமாயின் தொகை 1073741823. முப்பது 2, 3, 5 எனப் பகுவதால் அதன் தொகையும் பகும். 3, 7, 11, 31 முதலிய பலவற்றால் அது மீதியின்றி வகுபடும். 28 நாள் மாதத்துக்கும் அவ்வாறே. நம் பஞ்சாங்கத்தில் 32 நாள் கொண்ட மாதமும் வரும். அதன் தொகை 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தின் பெருக்கம். நாளின் எண்ணிக்கை பகுமாயின் தொகையும் பகுதல் நியதி. இதன் மறுதலை உண்மையன்று. 29 பகா எண். எனினும் 29 நாளின் தொகையாகிய 536870911 என்பது 233, 1103, 2089 ஆகிய மூன்றின் பெருக்கம். ஆகவே 31 பகா எண் என்ற அளவில் அதன் தொகையும் பகாது எனத் துணிதல் தவறாம். தனியே நிறுவல் வேண்டும்.

இத்தாலிய நாட்டுக் கணிதர் கற்றால்டி என்பார் 1588இல் 17க்கும் 19க்கும் உரிய தொகைகளாகிய 131071, 524287 இரண்டும் பகா எண்களே என வகுத்துப் பார்த்துக் கண்டார். பின்னர் 23, 29, 31, 37 ஆகியவற்றின் தொகைகளும் அத்தன்மையவே என்று எழுதினார். அந்நான்கனுள் மூன்று பொய்த்தன. 31க்கு உரியது ஒன்றே மெய்யாயிற்று. அது மெய்யானமைக்காக அவரைக் கண்டுபிடித்தவர் எனக் கொண்டாடல் தகுமோ? தகாது என்பதே நம் கருத்து. விடையைச் சரியாக எழுதி வழியைக் காட்டாத மாணவனுக்கு நாம் புள்ளி இடுவதில்லையன்றோ!

வழியைக் காட்டியவர் ஒயிலர். சுவிற்சர்லாந்தில் 1707இற் பிறந்து உருசிய நாட்டுத் தலைநகரில் வாழ்ந்த இப்பெரியார், பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்த முதுமையில், 1772இல், பேணூயிக்கு எழுதிய கடிதமொன்றில் 2147483647 பகா எண் என அறிவித்தார். இவ்வெண்ணின் வர்க்கமூலம் 46340க்குச் சற்று மேற்பட்டது. அதற்குட்பட்ட காரணி இல்லையாயின் அதற்கு மேற்பட்ட காரணியும் இராது. 46340க்குள் 4792 பகா எண்கள் உள. அவை ஒவ்வொன்றாலும் கையால் வகுத்தல் ஓராண்டுப் பணியாகும். ஒயிலர் அவற்றுட் பெரும்பாலானவற்றை வகுத்துப் பாராமலே தள்ளிவிட்டார். எங்ஙனம்?

11 நாளின் தொகையாகிய 2047ஐக் கொண்டு அதனை விளக்குவோம். இது 23ஆல் வகுபடும். ஒன்றிலிருந்து இரட்டித்துக்கொண்டு சென்று, 23ஐ விஞ்சும்போதெல்லாம் 23ஐக் கழித்து மீதியை எழுதுவோம்: 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, அடுத்தது மீண்டும் 1. பதினோர் அடியில் வட்டம் முடிந்தது. இவ்வட்டத்தில் வராத 5இலிருந்து தொடங்கினால் 5, 10, 20, 17, 11, 22, 21, 19, 15, 7, 14 எனப் பதினொன்று வந்து மீண்டும் 5. ஆக, 1 முதல் 22 வரையுள்ள எண்கள் யாவும் பதினொன்று பதினொன்றாக இரு மாலைகளாகக் கோக்கப்பட்டுவிட்டன. மாலைகள் யாவும் ஒரே நீளமுடையனவாதலின், காரணியில் ஒன்று குறைந்த எண் 11இன் மடங்காதல் வேண்டும். காரணி ஒற்றை எண்ணாதலின் அது 22இன் மடங்கும் ஆகும். 2047இன் மற்றைக் காரணி 89. அதனினும் ஒன்று குறைய 88, அஃதாவது நான்கு 22. முன்னர்க் கூறிய 233, 1103, 2089 மூன்றிலும் ஒவ்வொன்று குறைத்துப் பார்மின். மூன்றும் 58இன் மடங்காகவே நிற்கும்.

இவ்வாறே 2147483647க்குக் காரணி உண்டெனின் அது 62இன் மடங்கோடு ஒன்று கூடியதாக இருத்தல் வேண்டும். எட்டால் வகுக்க 1 அல்லது 7 மீதி தருவதாகவும் இருத்தல் வேண்டும் என்பது வேறொரு நியதி; அதன் நிறுவல் நீளுமாதலின் ஈண்டு விடுத்தோம். இரு வாயிலிலும் புகுந்து எஞ்சியவை 372க்கு மேற்படா. அவற்றால் வகுத்துப் பார்த்து, ஒவ்வொன்றும் மீதி தரக் கண்டு, இனிக் காரணி ஒளிந்திருக்க இடமில்லை எனத் துணிந்தார் ஒயிலர். மாணவர் இம்முறையைத் தாமே 8191இற் செய்து பார்க்கலாம். இது 13 நாளின் தொகை. காரணி 26இன் மடங்கோடு ஒன்று கூடியதாதல் வேண்டும். வர்க்கமூலமோ 91க்கு உட்பட்டது. 27, 53, 79 மூன்றே நிற்பன. 27 பகு எண், 53 எட்டால் வகுக்க 5 மீதி தருவது, இரண்டும் நீங்கின. 79ஆல் வகுக்க 54 மீதி. ஒரே ஒரு வகுத்தலில் 8191 பகா எண் என்பது முடிந்தது.

2147483647க்குப் பின் 95 ஆண்டுகள், 1867 வரை, அதனினும் பெரிய பகா எண்ணை எவரும் நிறுவிக் காட்டிலர். பீற்றர் பாளோ என்னும் ஆங்கிலேயர் 1811இல் எழுதுங்கால், இதனைக்கொண்டு அமைக்கும் நிறைவெண்ணைக் குறித்து, இதற்கு மேலொன்றை யாரும் தேடப் போவதில்லை, அவை வினோதமேயன்றிப் பயனில்லாதன என்றார். பயனைக் குறித்து அறிஞர் கூறும் ஆரூடம் பெரும்பாலும் இவ்வாறே முடிகிறது. இன்றைய கணனிகளில் எண்களை 32 அறைகளில் இட்டுவைத்தல் நெடுங்கால வழக்கு. ஓரறை கூட்டல் கழித்தற் குறிக்குப் போக எஞ்சிய 31 அறைகளில் அடங்கும் மிகப் பெரிய எண் எதுவோ அதுவே 2147483647. 1970 யனவரி முதலாம் நாளிலிருந்து வினாடிகளை எண்ணிவரும் பழைய அமைப்புகள், இலங்கை நேரப்படி 2038 யனவரி 19ஆம் நாள் காலை 8 மணி 44 நிமிடம் 7ஆவது வினாடியில் இவ்வெண்ணை அடைந்து, மேலே எண்ண இடமின்றி நிற்கும். அதற்குள் அகன்ற அறைகளுக்கு மாற்றும் வேலை உலகெங்கும் நடந்துவருகிறது.

இவ்வகை எண்களுக்கு மெர்சேன் எண்கள் எனப் பெயர். பிரான்சு தேசத்துத் துறவியாகிய மெர்சேன் 1644இல் வெளியிட்ட பட்டியலில் 67, 127, 257 ஆகிய வலுக்களுக்கு உரியனவும் பகா எண்களே என எழுதியிருந்தார். 127க்கு உரியது 39 இலக்கங்களையுடையது; அதனை 1876இல் லூக்கா என்பார் மெய்ப்பித்தார். அவர் காரணியைத் தேடவேயில்லை. அவருடைய சோதனை, பின்னர் 1930இல் லேமர் திருத்திய வடிவில், நான்காம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்கது. 4இல் தொடங்குக, வர்க்கித்து இரண்டு கழிக்க, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியைக் கொள்க, மீண்டும் அவ்வாறே செய்க. வலுவில் இரண்டு குறைந்த தடவை செய்து முடிவிற் பூச்சியம் வரின் எண் பகாது, வாராவிடிற் பகும். 31க்கு உரியதாக 5ஆம் வலுவைப் பார்ப்போம். 4 வர்க்கம் 16, இரண்டு குறைய 14. 14 வர்க்கம் 196, இரண்டு குறைய 194. 31ஆல் வகுக்க மீதி 8. 8 வர்க்கம் 64, இரண்டு குறைய 62. 31ஆல் வகுக்க மீதி பூச்சியம். மூன்று தடவையில் முடிந்தது. 2047க்கு இதனைச் செய்தால் ஒன்பதாந் தடவையில் 1736 மிஞ்சும்; ஆகவே அது பகும்.

இச்சோதனையில் விநோதம் ஒன்றுண்டு. பகும் என்று கூறும். எவ்வெண்களாகப் பகும் என்று கூறாது. 67ஆம் வலுவுக்கு உரிய எண் பகும் என லூக்கா 1876இல் அறிந்தார், காரணிகளை அறிந்திலர். 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பார் அவற்றை வெளியிட்டார். அவர் வாய் திறவாது கரும்பலகையின் ஒரு பக்கத்தில் 2இன் 67ஆம் வலுவைக் கணித்து ஒன்று கழித்து, மறு பக்கத்தில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கி, இரண்டும் 147573952589676412927 என ஒன்றாதலைக் காட்டி அமர்ந்தார் என ஒரு வரலாறு வழங்குகிறது. 27 ஆண்டுகள் ஓர் எண்ணைப் பகுபதம் என அறிந்தும் அதன் பகுதி யாது, விகுதி யாது என அறியாது உலகம் இருந்தது. இலக்கணத்தில் இத்தகைய நிலையை நாம் கண்டதில்லை.

லூக்காவின் முறை மெர்சேன் எண்களுக்கே உரியது. எவ்வகை எண்ணை நீட்டினும் பகுமோ பகாதோ என விரைவாகவும் ஐயமின்றியும் கூறும் பொதுமுறை ஒன்று உண்டா? அதற்கு விடை பாரத தேசத்திலிருந்தே வந்தது. அதன் வேரை விளக்க யாப்பிலக்கணமே போதும்.

மூவசைச்சீர் எட்டு. நேர், நிரை என்னும் இரண்டை மூன்று இடங்களில் நிரப்புவதால் வருவன அவை. நிரையசை எத்தனை என்று பார்த்து அவற்றைப் பிரிப்போம். நிரையே இல்லாதது தேமாங்காய் ஒன்று. ஒரு நிரை உடையவை புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி என மூன்று. இரு நிரை உடையவை கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி என மூன்று. மூன்றும் நிரையாயது கருவிளங்கனி ஒன்று. ஆக 1, 3, 3, 1. நாலசைச்சீர் பதினாறையும் அவ்வாறே பிரித்தால் 1, 4, 6, 4, 1 என வரும். வடமொழி யாப்பு நூலார் குருவையும் இலகுவையும் இவ்வாறு எண்ணி அடுக்கிய அட்டவணையை மேருப் பிரத்தாரம் என்பர். பத்தாம் நூற்றாண்டில் அலாயுதர் பிங்கலருடைய நூலுக்கு எழுதிய உரையில் இதனைக் காணலாம். மேல்நாட்டார் இதனைப் பாஸ்கலின் முக்கோணம் என்பர்.

இரு வரிசைகளையும் ஒப்பிட்டு நோக்குக. மூன்று பகா எண். அதன் வரிசையில் ஓரங்களிலுள்ள ஒன்றை நீக்கினால் உள்ளே நிற்கும் ஒவ்வொன்றும் மூன்றால் வகுபடும். நான்கு பகு எண். அதன் வரிசையின் நடுவே நிற்கும் 6 நான்கால் வகுபடாது. ஐந்தின் வரிசை 1, 5, 10, 10, 5, 1. உள்ளன யாவும் ஐந்தால் வகுபடும். ஆறின் வரிசையில் 15 நின்று கெடுக்கும். காரணம் சீர்களிலேயே புலப்படும். புளிமாங்காயின் முதலசையை எடுத்து ஈற்றில் வைத்தால் தேமாங்கனி. அதன் முதலசையை ஈற்றில் வைத்தால் கூவிளங்காய். மீண்டும் செய்தால் புளிமாங்காய். மூன்றும் ஒரு வட்டம். நாலசையில் இரு நிரையுடைய ஆறனுள், கருவிளந்தண்பூ, புளிமாந்தண்ணிழல், தேமாநறுநிழல், கூவிளநறும்பூ என்னும் நான்கும் முழு வட்டமாகச் சுழலும். எஞ்சிய புளிமாநறும்பூவும் கூவிளந்தண்ணிழலுமோ இரண்டே அடியில் ஒன்றையொன்று அடைந்துவிடும். நான்கு இரண்டிரண்டாகப் பகுவதால், ஒரே துண்டு இருமுறை மடங்கி வந்து வட்டத்தைப் பாதியில் முடிக்கிறது. நீளம் பகா எண்ணாயின் சம துண்டுகள் இல்லை. ஆகவே குறை வட்டமும் இல்லை. ஆகவே எண்ணிக்கை மீதியின்றி வகுபடும்.

உள்ளெண்களைக் கூட்டிய மொத்தத்தை மட்டும் பார்க்கும் சோதனை பழையது. 1640இல் பேர்மா என்பார் கண்ட நியதியின் வழிப்பட்டது. மூன்றுக்கு மொத்தம் 6, ஐந்துக்கு 30, ஏழுக்கு 126, ஒவ்வொன்றும் தத்தம் எண்ணால் வகுபடும். நான்குக்கு 14; வகுபடாது. இதனை விரைந்து செய்யலாம். ஆனால் இது சில வேளை வஞ்சிக்கும். 341 என்பது 11ஐ 31ஆல் பெருக்க வருவது. ஐயமற்ற பகு எண். எனினும் அதன் மொத்தம் 341ஆல் மீதியின்றி வகுபட்டுவிடும். 1024 என்பது மூன்று 341ஓடு ஒன்று என்பதை அறிந்தார்க்கு இதன் காரணம் தோன்றும். தனித்தனியே உள்ள குற்றங்கள் கூட்டலில் ஒன்றோடொன்று அடிபட்டு மறைந்தன. வரிசையின் தனித்தனி எண்களைப் பார்த்தாலோ 341 அகப்பட்டுக்கொள்ளும். மொத்தம் பொய் கூறலாம். வரிசை ஒருநாளும் பொய் கூறாது. எனினும், முந்நூறு இலக்க எண்ணின் வரிசையை எழுதி முடிக்க உலகத்து ஓலையும் காலமும் போதா.

பொய் கூறாத சோதனை வேறொன்றும் உண்டு. பகா எண்ணுக்குக் குறைந்த எண்களை எல்லாம் பெருக்கி ஒன்று கூட்டினால் அவ்வெண்ணால் வகுபடும். ஏழுக்கு, 1 முதல் 6 வரை பெருக்க 720. ஒன்று கூட 721. அது நூற்று மூன்று ஏழு. இதுவும் பேரெண்களுக்கு உதவாது. ஆயினும் இப்பெருக்கங்களை ஆராய்ந்த தமிழர் ஒருவரை ஈண்டு நினைத்தல் கடன். சு. சி. பிள்ளை எனப்படும் சிவசங்கரநாராயணபிள்ளை 1901இல் தென்தமிழகத்திற் பிறந்தவர். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் முன்னர்த் தலைமையாசிரியராயிருந்த விபுலானந்த அடிகள் 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராக விளங்கியதும் அக்காலத்தேயாம். 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 23ஆல் வகுபடும். ஆனால் 23 பதினான்கின் மடங்கோடு ஒன்று கூடியதன்று. இத்தகைய பகா எண்களுக்குப் பிள்ளை பகா எண்கள் என்றே உலகம் பெயரிட்டுள்ளது. 1950 ஓகஸ்டில் அமெரிக்காவில் நடைபெறவிருந்த உலகக் கணிதர் மாநாட்டுக்குச் செல்லும் வழியில் எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில் அவர் இறந்தார். வயது 49.

இனிக் கான்பூருக்கு வருவோம். அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டிலேயே பட்டம் முடித்த அவருடைய மாணவர்களாகிய நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும், 2002 ஓகஸ்டில் சில பக்கக் கட்டுரையொன்றை வெளியிட்டனர். அவர்கள் செய்தது இது: வரிசையை முழுவதும் விரித்தெழுதாமல், சிறிய சக்கரமொன்றைச் சுற்றிச் சுருட்டிவிடுவது. சக்கரத்தில் நூறு ஆசனம் இருக்குமாயின், நூற்றோராம் எண் மீண்டும் முதல் ஆசனத்தில் வந்து அமரும். ஓராசனத்தில் அமர்ந்தவற்றைக் கூட்டி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளலாம். இதனைப் பகுதி பகுதியாக வர்க்கித்து வர்க்கித்துச் செய்வதால் வரிசையை எழுதவேண்டிய தேவையே இல்லை. ஆயின், சுருட்டும்போது குற்றங்கள் மொத்தத்தில் மறைந்ததுபோல் மறைந்துவிடாவோ? அதற்கு அவர்கள் கண்ட தடை இரண்டு. ஒன்று, ஆசனங்களின் எண்ணிக்கையைத் தக்கவாறு தேர்ந்தெடுத்தல். மற்றது, நிரையசை ஒரே வகையன்றி இரு வகை, மூவகை, நால்வகை உண்டெனக் கொண்டு அதே கணக்கைச் சில தடவை திரும்பச் செய்தல். இவற்றோடு சில எளிய முன்சோதனைகளிலும் தேறிய பகு எண் ஒன்றும் இராது என்பதை அவர்கள் நிறுவினர். வேலையின் அளவும் எண்ணின் பருமையைப் பொறுத்தன்றி, அதன் இலக்கங்களின் தொகையைப் பொறுத்தே வளர்வது. வகுத்துத் தேடும் முறையில் இரண்டு இலக்கம் கூடினால் வேலை பத்து மடங்காகும் என்பதை நோக்க, இதன் பெருமை விளங்கும்.

இருநூறாண்டுக்கு மேலாகப் பெருங்கணிதர் தேடியதை ஓராசிரியரும் இரு மாணவரும் கண்டனர் என்று பத்திரிகைகள் வியந்தன. கட்டுரை 2004இல் அமெரிக்காவின் தலைசிறந்த கணித ஏட்டில் அச்சாயிற்று. 2006இல் கேடல் பரிசு கிடைத்தது. நிறுவலை வாசித்த வல்லுநர் வியந்தது அதன் எளிமையை. பட்டப்படிப்பு மாணவன் பொறுமையுடன் பயின்றால் விளங்கக்கூடிய கருவிகளே அதில் உள்ளன.

நடைமுறையில் இம்முறை பெரிதும் பயன்படுவதில்லை என்பதையும் கூறல் வேண்டும். கைப்பேசியில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போது செய்தியை மறைத்து அனுப்பும் முறைகளுட் சில, ஏறத்தாழ 300 இலக்கமுடைய இரு பகா எண்களின் பெருக்கத்தைச் சார்ந்தவை. 1977இல் மூவர் வகுத்த முறை அது. பெருக்குதல் எளிது, பெருக்கத்திலிருந்து காரணிகளை மீட்டல் அரிது. 1903இல் கோல் காட்டியதே இங்குப் பூட்டாயிற்று. அப்பகா எண்களைத் தெரிவோர், ஆயிரங்கோடியில் ஒரு பங்கிலும் மிகக் குறைந்த ஐயத்தைப் பொறுத்துக்கொண்டு, வேறு விரைந்த சோதனைகளையே கையாளுகின்றனர். வணிகத்துக்கு அது போதும். ஐயம் அறவே நீங்கல் வேண்டும் என்பார்க்கு, எவ்வெண்ணுக்கும் விரைவில் தீர்ப்புக் கூறும் வழி உண்டு என்பதை 2002இன் கட்டுரை உறுதி செய்தது.

பேரெண்களின் வேட்டையில் இறுதியாக உறுதிசெய்வதற்கு மட்டும் லூக்காவின் பழைய சோதனையே இன்றும் பயன்படுகிறது. 1996 முதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர் தத்தம் கணனிகளை இணைத்து மெர்சேன் எண்களைச் சோதித்து வருகின்றனர். 2024 ஒக்டோபரில் அவருள் ஒருவராகிய லூக் டுரான்ற் என்பார் கண்ட பகா எண், 2இன் 136279841ஆம் வலுவில் ஒன்று குறைந்தது. 41024320 இலக்கங்கள் உடையது. அந்நாள்வரை அறியப்பட்ட பகா எண்களுள் மிகப் பெரியது. இம்மலரின் பக்கமொன்றில் 2400 இலக்கம் அடங்குமெனக் கொண்டால், அதனை அச்சிட 17000 பக்கங்களுக்கு மேல் வேண்டும். 4இல் தொடங்கி வர்க்கித்து இரண்டு கழிக்கும் அதே கணக்கைப் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்ட தடவை செய்து, முடிவிற் பூச்சியம் வரக் கண்டே அதனை ஏற்றனர்.

அவ்வெண்ணோடு மெர்சேன் பகா எண்களாகக் கண்டறியப்பட்டவை 52 ஆயின. பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை யவனராகிய இயூக்கிளிது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவிவிட்டார். சதத்தை இரட்டித்து வரும் தொகைகளுள்ளும் பகா எண்கள் முடிவின்றித் தோன்றுமோ, ஓரிடத்தில் நின்றுவிடுமோ என்பது இன்னும் நிறுவப்படவில்லை.